துறைமுகத்துப் பிள்ளைகளும் தொலைநாட்டு மொழிகளும்

காசிமேட்டிலே விடியற்காலையில் மீன் ஏலம் போடுகிறார்களே, அந்த ஏலக்காரரிடம் சென்று, "ஐயா, உமக்குப் போர்த்துகீசிய மொழி தெரியுமோ?" என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! சிரிப்பார். "எனக்கேனய்யா அது?" என்பார். ஆனால் அவர் கூவுகிற 'ஏலம்' போர்த்துகீசியச் சொல். அவர் இடுப்பிலே செருகியிருக்கும் சாவி, வீட்டிலே திறந்து வைத்த சன்னல், மூலையிலே நிற்கும் அலமாரி, மகன் எழுதுகிற மேசை, முகம் துடைக்கும் துவாலை, தண்ணீர் நிரப்பும் பீப்பாய், வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரி, கோயிலிலே காணும் பாதிரி, இத்தனையும் போர்த்துகீசியக் கப்பல்காரன் கரையிலே இறக்கிவிட்டுப் போன சொற்கள்! அவற்றிலே மேசையும் பாதிரியும் ஸ்பானிய மொழியிலும் ஏறத்தாழ அதே ஒலியோடு, அதே பொருளோடு வழங்குகின்றன. இரண்டும் உடன்பிறந்த மொழிகள்.

கடல் கொண்டுவந்த மொழி கரைவாழ் மக்களின் நாவிலே ஏறிவிட்டது. ஆனால், அந்த மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலே அது ஏறிற்றா? பிரெஞ்சு மொழியும் ஸ்பானிய மொழியும் உயர்நிலைப் பள்ளிகளிலே கற்பிக்கப்பட வேண்டும் என்று இன்று பலர் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். யாருடைய பள்ளியிலே, யாருடைய பிள்ளைக்கு, எதற்காக? இந்தக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு வடசென்னைக் கடற்கரையின் வரலாற்றைப் புரட்டினால், சுவையான செய்திகளும் கிடைக்கின்றன, சுடுகின்ற செய்திகளும் கிடைக்கின்றன.

இந்தக் கரையிலே மொழிக்கல்வி நேற்று முளைத்ததல்ல. திருவொற்றியூர்க் கோயிலிலே, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், அதாவது பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. எந்த இலக்கணம்? தொல்காப்பியமா? இல்லை. பாணினியின் வடமொழி இலக்கணம்! அதற்காக நிலம் மானியமாக விடப்பட்டது. உழுதவன் தமிழன், விளைந்த நெல் தமிழ் மண்ணிலே விளைந்தது, அந்த நெல்லை உண்டு அங்கே ஓதப்பட்டது உழுதவன் காதிலே விழக்கூடாத மொழி. வலைஞர் குப்பத்துப் பிள்ளை அந்த மண்டபத்தின் படியிலே கால் வைத்திருக்க முடியுமா? மொழி கற்பிக்க ஊர்ப்பணம் செலவாகும், ஊர்ப்பிள்ளை வெளியே நிற்கும் என்ற இந்த ஏற்பாடு, பிற்காலத்திலே வேறு வேறு உடை உடுத்திக்கொண்டு வருவதைக் காண்போம்.

1642-ஆம் ஆண்டு. கோட்டை எழுந்து இரண்டே ஆண்டுகள். பர்மா நாட்டுக்குப் போகும் வழியிலே எப்ரேம் தெ நெவேர் என்ற கப்புச்சின் துறவி சென்னையிலே இறங்கினார். பிரெஞ்சுக்காரர், பன்மொழி அறிந்தவர். ஆங்கிலக் கம்பெனியார் அவரைப் போகவிடவில்லை. இங்கேயே இரும் என்றனர். அவர் கோயில் கட்டினார், கூடவே பள்ளியும் நடத்தினார். மேலைநாட்டு முறையிலே சென்னையில் நடந்த முதற் பள்ளிகளில் அதுவும் ஒன்று. விந்தையைப் பாருங்கள்! பிரெஞ்சுக்காரர் ஆசிரியர், கோட்டையோ ஆங்கிலேயருடையது, பிள்ளைகளில் பலர் போர்த்துகீசியக் கலப்பினத்தார். அவர் கற்பித்தது பிரெஞ்சு அல்ல, ஆங்கிலம். இத்தகைய மனிதரைக்கூட மதவெறி விட்டுவைக்கவில்லை. 1649-இல் சாந்தோம் போர்த்துகீசியர் அவரை நயமாக வரவழைத்துப் பிடித்து, கோவாவில் இருந்த சமய விசாரணை மன்றத்தின் சிறைக்கு அனுப்பினர். வேறு மதத்தினர் அல்லர், அவர் மதத்தினரே!

அந்நாளிலே இக்கரையில் கடைவீதி மொழியாக விளங்கியது போர்த்துகீசியமே. 1698-இல் ஆங்கிலக் கம்பெனிக்குக் கிடைத்த பட்டயம், இங்கு அனுப்பப்படும் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்றாக வேண்டும் என்றே விதித்தது. ஆங்கிலேயனே இங்கு பிழைக்க இன்னொரு மொழி கற்க வேண்டியிருந்த காலம் அது. பிரெஞ்சோ, தெற்கே புதுச்சேரியிலே அரியணை ஏறிய மொழி. அந்த அரியணையின் அருகே சென்ற சென்னைக் குடும்பம் ஒன்றின் கதைதான் நம் கேள்விக்கு முதல் விடை.

நைனியப்ப பிள்ளை சென்னைப் பகுதியிலிருந்து இளமையிலேயே புதுச்சேரி சென்று, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக உயர்ந்தவர். செல்வர், செல்வாக்கினர். ஆளுநர் எபேர் அவர்மீது சினந்தார். சேசு சபையினருக்கும் அவர் கண்ணில் உறுத்திய முள். 1716-இல் அவர்மீது வழக்கு. வழக்கு நடந்தது பிரெஞ்சு மொழியில். நைனியப்பருக்குத் தமிழ் தெரியும், போர்த்துகீசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. நடுவே நின்று மொழிபெயர்த்தவர் யார்? சேசு சபையினரின் உபதேசியார் மகன்! கேள்வியை ஒரு மொழியிலே கேட்டனர். பதிலை வேறொரு மொழியிலே எழுதினர். தாம் படிக்க இயலாத தாளிலே அவர் கையொப்பமிட்டார். தீர்ப்பு வந்தது: கடைவீதியிலே ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே மாண்டார்.

தரகர் பரம்பரைக்கு அது பெரும்பாடம். நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பாரிசு போனார். அங்கே மன்றாடித் தந்தைமீது விழுந்த பழி துடைக்கப்பட்டது. குருவப்பர் ஞானமுழுக்குப் பெற்று, பிரெஞ்சு அரசின் வீரப் பட்டமும் சூடி, தந்தை இருந்த அதே பதவிக்குத் திரும்பினார். (நீதி பெறச் சென்றவன் மதம் மாறித் திரும்பினான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆட்சியின் ஏடு எந்த மொழியிலே எழுதப்படுகிறதோ, அந்த மொழியை அறியாதவன் முதுகு கசைக்கு உரியது, அறிந்தவன் வாய்க்கு நீதிமன்றம் செவி சாய்க்கும். கொடிய உண்மைதான். ஆனாலும் உண்மை.

அந்தக் குடும்பத்திலேயே வந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் பெரம்பூரிலே, 1709-இல்! சிறு பிள்ளையாகப் புதுச்சேரி சென்று, பின்னாளில் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, தமிழிலே அமைந்த வரலாற்றுக் கருவூலம். உலகமே அறிந்த செய்தி இது. நாம் நினைக்க வேண்டியது இன்னொன்று. துபாசி என்றால் இரு மொழியாளன். வெள்ளையனின் மொழியும் நாட்டாரின் மொழியும் அறிந்து, இரண்டுக்கும் நடுவே நின்று, இரு பக்கமும் பொருள் திரட்டியவன். அந்த மொழியறிவை அவன் பள்ளி கட்டி ஊருக்குப் பரப்பினானா? இல்லை. மகனுக்குச் சொன்னான், மருமகனுக்குச் சொன்னான். வீடும் நிலமும் போல மொழியும் குடும்பச் சொத்து. துபாசிகளின் பெயரைத் தாங்கிய தெருக்கள் சென்னையிலே இன்றும் உண்டு. துபாசி பச்சையப்பர் விட்டுச் சென்ற பொருளால் 1842-இல் ஒரு பள்ளி எழுந்ததே, அது அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றபின், நீதிமன்ற வழக்கெல்லாம் முடிந்தபின்!

1746 செப்டம்பரிலே சென்னையே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. லா பூர்தொனே கோட்டையைப் பிடித்தான். 1749 வரை, ஏறத்தாழ மூன்றாண்டுகள், கோட்டையிலே பறந்தது பிரெஞ்சுக் கொடி. அந்த மூன்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஒரு பள்ளியும் திறந்ததாக வரலாறு பேசவில்லை. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்ததைத்தான் பேசுகிறது. ஆங்கிலேயர் மீண்டதும் எஞ்சியதையும் தரைமட்டமாக்கினர். இரண்டு வல்லரசுகளுக்கும் நடுவே நம்மவர் வீடுதான் தடையாக இருந்தது போலும்! பிரெஞ்சுக்குச் சார்பானவர் என்ற ஐயத்தினால், எப்ரேம் பாதிரியார் தொடங்கி வைத்த கோயிலும் கோட்டைக்குள்ளிருந்து அகற்றப்பட்டது. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து வாரிவந்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து, பின்னர்த் தமிழ் நூல்கள் அச்சிட உதவியது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னை பெற்ற ஒரே உருப்படியான பொருள் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். அதுவும் கொள்ளைப் பொருள்.

ஸ்பானிய மொழிக்கும் சென்னைக்கும் என்ன உறவு என்பீர்கள். உறவு வெள்ளியால் ஆனது. மெக்சிகோவிலே தோண்டிய வெள்ளி, ஸ்பானியக் கப்பலிலே பசிபிக் கடல் கடந்து மணிலா வந்தது. சோழமண்டலக் கரையிலே நெய்த துணி இங்கிருந்து மணிலா சென்றது. ஆங்கிலேயனுக்கு அங்கு வணிக உரிமை இல்லை. ஆகவே ஆர்மீனியர் பெயரிலும் நாட்டு வணிகர் பெயரிலும் கப்பல் விட்டான். சென்னைக் கறுப்பர் நகரத்து ஆர்மீனிய வணிகர் பெத்ரூசு உஸ்கான் இந்த மணிலா வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, அதிலே ஒரு பகுதியைக் கொண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பாலத்திலே நடந்த மக்களுக்குக் காலடியிலே இருப்பது மெக்சிகோ வெள்ளியின் பயன் என்று தெரிந்திருக்காது.

பிறகு 1762. சென்னையிலிருந்தே புறப்பட்ட ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்தது. அந்தப் படையிலே தென்னாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். 1764-இல் படை திரும்பியபோது எல்லாரும் திரும்பவில்லை. சிலர் மணிலாவுக்கு அருகே கயிந்தா என்ற ஊரிலே தங்கிவிட்டனர். அங்கேயே மணம் முடித்தனர். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கு உள்ளனர். ஸ்பானிய ஆட்சியின்கீழ் குடும்பம் நடத்திய அந்த மனிதர்களுக்கு அந்த மொழியின் அரிச்சுவடியை யார் கற்பித்தார்? சந்தை கற்பித்திருக்கும், வயல் கற்பித்திருக்கும். பள்ளி மட்டும் கற்பித்திராது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம், ஏனெனில் தமிழ் மண்ணிலே பிரெஞ்சு, பள்ளிப் பாடமாக முறையாக இருந்த இடம் அதுவே. 1826-இல் அங்கே அரசுக் கல்லூரி ஒன்று திறந்தனர். ஐரோப்பியப் பிள்ளைகளுக்காக! உரிமை, சமத்துவம், உடன்பிறப்பு என்று உலகுக்கு முழங்கிய நாடு அல்லவா? அடுத்த சில ஆண்டுகளிலே இந்தியருக்கும் பள்ளிகள் வந்தன. எப்படி? 'சாதி' இந்துக்களுக்கு ஒன்று. தாழ்த்தப்பட்டோருக்குத் தனியே ஒன்று! பாரிசிலே பிறந்த சமத்துவம் புதுச்சேரிக் கரையிலே இறங்கும்போது வருணாசிரமத்தின் தோளிலே கைபோட்டுக்கொண்டு நடந்த காட்சி அது.

ஆயினும் மொழி ஒரு கள்ளச் சாவி. கொடுத்தவன் நினைக்காத பூட்டையும் அது திறந்துவிடும். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்குரைஞர், 1873-இல், புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் மேலைநாட்டுக் காலணி அணிந்து நுழைந்தார். நாட்டார் உடையில் வருபவர் காலணியைக் கழற்றிவிட்டே வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் பணிந்தாரா? பிரெஞ்சுச் சட்டத்தைப் பிரெஞ்சு மொழியிலே படித்தவர் ஆயிற்றே! பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்று வென்றார். 1881-இல், தம் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்ற ஆணை வந்தது. அவர் துறந்தார், லாப்போர்த் என்று புதுப்பெயரும் சூட்டிக்கொண்டார். 'வாயில்' என்று அதற்குப் பொருள். அந்த வாயில் வழியே பிறகு சென்றவருள் ஒடுக்கப்பட்டோர் மிகப் பலர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே ஒரு தமிழன் செருப்புக்காகப் பாரிசு வரை போராடினான் என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் எத்தனை பக்கத்திலே சொல்கின்றன?

இன்னும் தொலைவிலே ஒரு தமிழ்ப் பெயர். அடிமை முறை 1848-இல் ஒழிந்ததும், பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேற்றினர். 1861 ஒப்பந்தத்துக்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் என்று தமிழன் சிதறினான். குவாதலூப்பிலே 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். தோட்டத் தொழிலாளர் வழிவந்த பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணிலே பிறந்தும் குடிமக்கள் அல்லர், வாக்காளர் பட்டியலிலே இடமில்லை என்று 1904-இல் ஆட்சியாளர் தடை எழுப்பினர். சிதம்பரம் எதிர்த்து எழுந்தார். 1904 தொடங்கி 1923 வரை மனு, வழக்கு, வாதம்! பத்தொன்பது ஆண்டுகள்! இறுதியில் வென்றார், இந்திய வழியினர் வாக்குரிமை பெற்றனர். அவர் தாத்தன் மொழி அவர் நாவிலே எவ்வளவு எஞ்சியிருந்ததோ, பெயரிலே மட்டும் ஊர் எஞ்சியிருந்தது. போராட்டத்துக்குக் கைகொடுத்தது அவர் பள்ளியிலே கற்ற பிரெஞ்சு.

நைனியப்பருக்கு இல்லாதது, பொன்னுத்தம்பிக்கும் சிதம்பரத்துக்கும் இருந்தது. இடையிலே வந்தது பள்ளி. ஒரு மொழி, தரகன் வீட்டுப் பெட்டியிலிருந்து வகுப்பறைக் கரும்பலகைக்கு வரும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

"மொழியை எதிர்த்தவர்கள் நீங்கள், இப்போது மொழிக்கு வாதாடுகிறீர்களே!" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களை மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இராயபுரத்திலிருந்து நடந்தே போகலாம். 1938 ஏப்ரலிலே, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயம் என்று ஆணை பிறந்தது. எதிர்த்துச் சிறை சென்றவர்களில் நடராசன் 1939 சனவரியிலும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் உயிர் நீத்தனர். இருவரும் துயில்வது அங்கே. அவர்கள் எதிர்த்தது ஒரு மொழியின் எழுத்தையா, ஓசையையா? 'கட்டாயம்' என்ற ஒரு சொல்லை! அந்த ஆணை 1940-இல் திரும்பப் பெறப்பட்டது. 1965-இல் மீண்டும் நெருப்பு. 1968 சனவரி 23 அன்று சட்டமன்றத்திலே அண்ணா அரசு இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்பது, வேறு மொழி கற்பவன் கையை வெட்டு என்பதல்ல. எவன் தலையிலும் ஏற்றாதே என்பது. அண்ணாவே எமிலி ஜோலாவைப் பற்றி எழுதியவர். குற்றமற்ற திரேபூசுக்காக 1898-இல் பேனா ஏந்திய அந்தப் பிரெஞ்சு எழுத்தாளனை, ஆங்கிலத்தின் வழியே பெற்றுத் தமிழ்நாட்டு இளைஞர்க்குக் கொண்டுவந்து சேர்த்தவர்.

ஆனால் நம் பள்ளிகளிலே பிரெஞ்சு எந்தக் கோலத்தில் வாழ்கிறது? இங்கேதான் வேதனை. கட்டணம் வாங்கும் பள்ளிகள் பலவற்றில், மேல்நிலை வகுப்பிலே தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சு நிற்கிறது. வால்தேரைப் படிக்கவா? ரூசோவை அறியவா? இல்லை, மதிப்பெண் அள்ள! தமிழ்த் தேர்விலே பத்து மதிப்பெண் குறையலாம், பிரெஞ்சிலே முழு மதிப்பெண் வாங்கலாம் என்ற கணக்கு. இரண்டாண்டு 'படித்து' நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவன், பாரிசு வேண்டாம், புதுச்சேரியின் பிரெஞ்சுப் பெயர்ப்பலகையையாவது தடையின்றிப் படிப்பானா? 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதற்கு மேல் கதவு திறந்தே கிடக்கிறது. 2017-இல் மாநிலத் தரவரிசை முறையை நீக்கும் வரை, தமிழை முதன்மொழியாகப் படித்தவர்க்குத்தான் மாநில முதலிடம். பிரெஞ்சும் வடமொழியும் எடுத்தோர்க்கு வேறு பட்டியல். அரசே அந்த மதிப்பெண்ணின் எடை என்னவென்று அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றிலோ அந்தக் கோலத்துப் பிரெஞ்சுகூட இல்லை. ஸ்பானியம் பற்றிக் கேட்கவே வேண்டா. சென்னையில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1953 முதல் இயங்குகிறது, இருப்பதோ நுங்கம்பாக்கத்திலே. எண்ணூர்ப் பிள்ளை பேருந்து ஏறி அங்கே போய்க் கட்டணம் செலுத்திக் கற்க வேண்டும். துபாசி வீட்டுப் பெட்டி மறுபடியும் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

மைய அரசின் 2020 கல்விக் கொள்கை உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு நீண்ட பட்டியல் நீட்டுகிறது: கொரியம், சப்பானியம், தாய், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், போர்த்துகீசியம், உருசியம். கண்ணைக் கவரும் பட்டியல்! ஆனால் அதே கொள்கை மும்மொழியில் இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்று எண்ணுகிற நம் பிள்ளைக்கு, மூன்றாவது இடத்திலே பிரெஞ்சு உட்கார முடியாது. அங்கே வேறொருவருக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. பிரெஞ்சு வேண்டுமானால் நான்காவது மொழி. எண்ணூர்ப் பிள்ளையின் தோளிலே நான்கு மொழி! 2014 நவம்பரிலே மைய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் என்ன நடந்தது? மூன்றாம் மொழியாகச் செருமன் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை, ஆண்டு நடுவிலே நிறுத்தி, வடமொழிக்கு மாறுங்கள் என்றனர். திருவொற்றியூர் மண்டபம் எண்ணூறு ஆண்டு கழித்தும் இடிந்துவிடவில்லை, தோழர்களே!

இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு இம்மொழிகள் எட்டாக் கனியா என்று சிலர் ஐயுறலாம். எட்டும் கனிதான். ஸ்பானிய மொழியிலே 'பேசுகிறேன்' என்பதற்கு ஆப்லோ, 'பேசுகிறாய்' என்பதற்கு ஆப்லாஸ், 'பேசுகிறான்' என்பதற்கு ஆப்லா. வினையின் வாலைப் பார்த்தே எழுவாயைக் கண்டுகொள்ளலாம். 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது பிறவியிலேயே பழகிய வழக்கம். ஆங்கிலப் பிள்ளைதான் திணறும். 'பெரோ' என்று மெல்ல உருட்டினால் 'ஆனால்' என்று பொருள். ரகரத்தை வல்லொலியாக உருட்டினால் நாய்! ரகரமும் றகரமும் அறிந்தவர்க்கு இந்த வேற்றுமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமா? ஞகரத்துக்கு அங்கே தனி எழுத்தே உண்டு. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு பிரெஞ்சிலே து, வூ என்றும், ஸ்பானியத்திலே தூ, உஸ்தெத் என்றும் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்திலே அது இல்லை. கடினம் எங்கே என்றால், மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் பார்க்க வேண்டும். இரண்டு மொழியிலும் மேசை பெண்பால்! உயர்திணை, அஃறிணை என்று அறிவின் வழியே உலகைப் பிரித்த இலக்கணத்திலே வளர்ந்தவனுக்கு இது சிரிப்பூட்டும். சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். பிரெஞ்சுக்காரன் எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது பத்து' என்றும் எண்ணுவதையும் அவ்வாறே.

பயன் உண்டா என்றால், வாழ்வும் உண்டு, அறிவும் உண்டு. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்பீல்டு தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய மோட்டார் வண்டிகள், 2020 முதல் அர்செந்தினாவிலும், 2022 முதல் கொலம்பியாவிலும் பூட்டிச் சேர்க்கப்படுகின்றன. இரண்டும் ஸ்பானியம் பேசும் நாடுகள். சென்னைத் துறைமுகத்திலே மெக்சிகோவுக்குக் கார்கள் கப்பலேறுகின்றன. வண்டியைப் பூட்டிய தொழிலாளியின் மகள், அந்த வண்டி போய்ச் சேரும் ஊரின் மொழியிலே ஒரு கடிதம் எழுதக் கற்றால், இடையிலே நிற்கும் துபாசிக்கு வேலை குறையும்.

அறிவுப் பயனோ இன்னும் பெரிது. விக்தோர் யூகோவின் பெருங்கதை சுத்தானந்த பாரதியாரின் தமிழிலே 'ஏழை படும் பாடு' ஆகி, 1950-இல் திரைப்படமாகவும் ஓடியது. கம்யுவின் 'அந்நியன்' 1980-இல் வெ. ஸ்ரீராம் வாயிலாகப் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. அப்படி நேரே கொண்டுவரக் கூடியவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஸ்பானிய இலக்கியமோ பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கித்தான் நாம் படிக்கிறோம். பிரெஞ்சுக்காரர் நம் மொழிக்கு என்ன செய்தனர்? 1867-இல் இலமேரெஸ் என்ற பொறியாளர் குறளைப் பிரெஞ்சிலே பெயர்த்தார். காரைக்காலிலே வளர்ந்த ழூலியன் வேன்சோன் பாரிசிலே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து, 1903-இல் தமிழ் மொழிக்குக் கையேடு வெளியிட்டார். பாரிசு மாணவன் தமிழ் கற்க ஏற்பாடு இருந்தது. இராயபுரத்து மாணவன் பிரெஞ்சு கற்க இல்லை!

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுவதல்ல. விரும்பும் பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல், வாரம் மூன்று மணி நேரம். தமிழுக்கு மாற்றாக அன்று, தமிழோடு. மொத்த மதிப்பெண்ணிலே சேராத பாடமாக வைத்தால், மதிப்பெண் வேட்டைக்காரர் தாமே விலகிவிடுவர். மொழி வேண்டுவோர் மட்டும் இருப்பர். பிரெஞ்சு ஆசிரியர்க்குப் பஞ்சமில்லை; சென்னைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுத் துறை நடத்துகின்றன; பட்டம் பெற்றவர் பலர், தனிப் பயிற்சி நிலையங்களிலே மணிக்கணக்குக் கூலிக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றனர். ஸ்பானியத்துக்குத்தான் ஆசிரியர் அரிது. ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்துக்கு இங்கிருந்து பத்துப் பேரை உதவித்தொகை கொடுத்து அனுப்பினால், அவர்கள் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இராயபுரத்துப் பள்ளி ஒன்றிலும் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றிலும், மாலை நேரத்திலே, பிரெஞ்சோடு தொடங்கலாம். அறை இருக்கிறது, பலகை இருக்கிறது, ஐந்து மணிக்குப் பிறகு இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன.